சலாம் ராவுத்தரும் சம்மதிக்காத தேவாங்கும்

மிருகங்களிடம் சம்மதம் கேட்டுவிட்டுச் சினிமாப் படம் எடுத்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் திருச்சிராப்பள்ளிக்காரர். இதை மறுக்க விரும்பும் வாசகர்கள் முதலில் ஒரு எருமையின் எதிரே போய் நின்று, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்ச் சலாம் வைத்து, "உன்னைப் படம் எடுத்துக்கட்டுமா?" என்று நாலு பேர் பார்க்க நடுத்தெருவில் கேட்டுவிட்டு வரட்டும். அதன் பிறகு என்னோடு வாதாடட்டும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. 'சலாம் ராவுத்தர்' என்றால்தான் தபால்காரருக்கே வீடு தெரியும். பெரிய கடைவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கூரைக்குக் கண்ணாடி போட்ட போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒல்லியான ஆள். கறுப்புக் கோட்டு, சிவப்புக் குல்லாய். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல். தோளில், காமிராவை மூடுகிற கறுப்புத் துணி. வெயிலுக்கு அதையே தலையில் போட்டுக்கொள்வார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு ஸ்டூடியோக் காமிரா தானாகவே கால் முளைத்து நடந்து வருவதுபோல் இருக்கும்.

மிருகங்களிடம் இவ்வளவு மரியாதை வைத்திருந்தவர் மனிதர்களிடம் எப்படி இருந்தார் என்று கேட்கிறீர்களா? ஐயோ! கல்யாண மாப்பிள்ளையைக் காதைப் பிடித்துத் திருப்புவார். பெரிய மனிதர்களின் மோவாயைத் தேங்காய் திருகுவதுபோல் திருகுவார். "மூச்சு விடாதீங்க!" என்று அதட்டிவிட்டு, காமிராவுக்குப் பின்னால் போய் வேறு ஏதோ யோசனையில் நின்றுவிடுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் நீலமாகிக்கொண்டிருக்கும்.

"ஏன் ராவுத்தரே, கழுதைக்குச் சலாம் போடறீங்க, மனுஷாளை இந்தப் பாடு படுத்தறீங்களே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"மனுஷன் தானா என்னைத் தேடி வந்து நாக்காலில உக்கார்றான் சாமி. கழுதை வந்து கேட்டுச்சா, என்னைப் படம் எடுன்னு?" என்றார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது ஒரு சினிமாக் கொட்டகையில். அது ஊமைப் படக் காலம். கோட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையில் நான் கதை சொல்லியாக வேலை பார்த்தேன். திரைக்குப் பக்கத்தில் தகரக் குழாயோடு நின்றுகொண்டு, படத்தில் வருகிற கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் கதாநாயகிக்கும் அவளுடைய குதிரைக்கும் நான் ஒருவனே குரல் கொடுக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் என் தகப்பனார் இதற்காக என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். "பெருமாள் சந்நிதியில் நின்னு பாசுரம் சேவிக்க வேண்டிய தொண்டை, கொட்டகையில நின்னு குதிரைக்குக் கனைக்கறது!" என்று வீட்டுத் தூணிடம் சொல்லிக்கொள்வார்.

கொட்டகை முதலாளி முன்பு சுருட்டு வியாபாரம் செய்தவர். பற்ற வைக்காத சுருட்டு ஒன்று எப்போதும் வாயில் இருக்கும். ஒரு நாள் பெரிய படத்துக்கு முன்னால் ஏதோ ஒரு சீமைத் துண்டுப் படத்தில் சிங்கம் ஒன்று வந்து கொட்டாவி விட்டது. ஜனங்கள் பெரிய படத்தை விட்டுவிட்டு, "சிங்கத்தைப் போடு!" என்று கூச்சல் போட்டார்கள். முதலாளிக்கு உடனே யோசனை பிறந்துவிட்டது. நம் ஊர் மிருகங்களைப் படம் பிடித்துப் போட்டால் என்ன? ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ரயில்வே துரை தன் கைச்சுழற்றிச் சினிமாக் காமிராவை ராவுத்தரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். திருச்சியில் அப்படி ஒரு காமிரா வேறு யாரிடமும் இல்லை. ராவுத்தரைக் கூப்பிட்டார் முதலாளி. முதலாளியின் கஷ்ட காலம் அன்றைக்கு ஆரம்பித்தது.

முதலில் கோயில் யானை. கொள்ளிடக் கரையில் காலையில் குளிக்க வரும். முதலாளி, நான், பாகன் எல்லாரும் நிற்கிறோம். ராவுத்தர் காமிராவை நிறுத்தினார். யானைக்கு முன்னால் போய்ச் சலாம் வைத்தார். யானை அவரைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. ராவுத்தர் திரும்பி வந்து காமிராவைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னய்யா பண்றே?" என்றார் முதலாளி.

"வேணாங்குதுங்க."

"யானை எப்பய்யா வேணாம்னு சொல்லுச்சு?"

"நம்மளைப் பாத்துட்டு அது தன் வேலையைப் பாத்துச்சுன்னா சரின்னு அர்த்தங்க. நம்மளையே பாத்துக்கிட்டிருந்துச்சுன்னா மனசுல உறுத்தலா இருக்குன்னு அர்த்தம். இப்பப் பாருங்க, என்னையேதான் பாக்குது."

"நீ அது மூஞ்சிக்கு நேரா போய் நின்னா, உன்னைப் பாக்காம கலெக்டரையா பாக்கும்?"

ராவுத்தர் காமிராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார், யானை பார்த்தது, போய்விட்டார். இப்படியே அந்த மாதம் கழிந்தது. பாகன் வேடிக்கை பார்க்க ஆரம்பித்து, பிறகு யானைக்காகவே ராவுத்தரிடம் மன்னிப்புக் கேட்கவும் ஆரம்பித்துவிட்டான். கடைசியில் ஒரு நாள் யானை ராவுத்தரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'நீதானா' என்பதுபோல் திரும்பிக்கொண்டு, தண்ணீரில் சரிந்து படுத்தது. துதிக்கையால் தண்ணீரை வாரி முதுகில் இறைத்துக்கொண்டது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது நாம் குளிப்போமே, அப்படிக் குளித்தது. அந்தப் படத்தைப் போட்ட அன்று, தினம் அதே யானையைத் தெருவில் நிஜமாகப் பார்க்கிறவர்கள் எல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

அடுத்தது காவிரியில், முக்கொம்பு அணைப் பக்கத்து நீர்நாய்கள். ராவுத்தர் கழுத்தளவு தண்ணீரில், தலையில் கோரைப்புல்லைச் செருகிக்கொண்டு கிடையாய்க் கிடந்தார். காமிராவைக் கரையில் புதரோரம் நிறுத்தி, அதன் பக்கத்தில் தன் கோட்டையும் குல்லாயையும் ஒரு கொம்பில் மாட்டி வைத்துப் பழக்கினார். கொஞ்ச நாளில் நீர்நாய்களுக்கு அந்தக் குல்லாய் தூரத்து உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டது. பிறகுதான் காமிராவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பிரமாதமான படம். ஆனால் அதில் நீர்நாய்கள் சண்டை போடவில்லை, மீனுக்கு அடித்துக்கொள்ளவில்லை. ஒன்று முதுகு சொறிந்துகொண்டது. இன்னொன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலைக் காட்சியில் நான் தகரக் குழாயை எடுத்தேன். "அன்பர்களே! இதோ கொடுமைக்கார மாமியார் நீர்நாய்! அப்பாவி மருமகளை மீன் பிடித்து வா என்று விரட்டுகிறாள்! அந்தக் கண்ணில் தெரிகிற வஞ்சத்தைப் பாருங்கள்!" பெண்கள் பக்கத்திலிருந்து உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. எனக்குக் குஷி பிறந்துவிட்டது.

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு உருவம் எழுந்தது.

"பொய்யி!"

ராவுத்தர்தான்.

"அது மாமியா இல்லை சாமி! அதுக ரெண்டுக்கும் என்ன உறவுன்னு அதுகளுக்குத்தான் தெரியும். நீங்க எதுக்குக் குடும்பத்துல கலகம் மூட்டுறீங்க?"

"ராவுத்தரே, உக்காருங்க. படம் ஓடிட்டிருக்கு."

"ஓடட்டும். அது முதுகு சொறிஞ்சுக்கிட்டிருக்கு. அதைச் சொல்லுங்க, போதும்."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. குழாயை வாயில் வைத்து, "அன்பர்களே! நீர்நாய் முதுகு சொறிகிறது" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் சொறிகிறது" என்றேன். பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒருவர், "இப்ப?" என்றார். "இப்போதும் அதேதான்" என்றேன். கொட்டகையே சிரிப்பில் ஆடியது.

மறுநாள் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. நீர்நாயைப் பார்க்கவா வந்தார்கள்? எங்கள் சண்டையைப் பார்க்க வந்தார்கள். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "தினமும் இதே மாதிரி சண்டை போட்டுக்கங்க" என்றார்.

"நேத்து வந்த கோவம் நெசமான கோவங்க. இன்னைக்கு அதை நான் எங்கேயிருந்து கொண்டாருவேன்? நடிக்க மாட்டேன்" என்றுவிட்டார் ராவுத்தர். ஆனால் முதலாளி கவலைப்பட்டிருக்கவே வேண்டாம். நான் 'மாமியார்' என்று வாயைத் திறந்ததுமே ராவுத்தருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிடும். படம் ஓடிய கடைசிக் காட்சி வரைக்கும் வந்தது.

ஒரு நாள் காலை டீக்கடையில் அவரிடம் கேட்டேன். "ஏதோ ஜனங்க சிரிக்கறதுக்காகச் சொல்றேன். நீர்நாய்க்குத் தெரியவா போறது?"

ராவுத்தர் டீயை ஆற்றியபடியே சொன்னார்: "அது தெரியாதுங்கிறதுனாலதான் சாமி சங்கடமா இருக்கு. என்னைப் பாத்துட்டு, இவன் ஒண்ணும் பண்ண மாட்டான்னு எதிர்க்க உக்காந்து சொறிஞ்சுச்சு. நான் அதை எடுத்துட்டு வந்து, இவ கொடுமைக்காரின்னு ஊருக்கே காட்டினா நல்லாவா இருக்கு?"

நான் அவருக்கு இன்னொரு டீ சொன்னேன்.

மூன்றாவதாக வந்தது பாம்பு விவகாரம். எங்கள் முதலாளிக்கு முதுகு சொறிகிற படங்களில் அலுப்புத் தட்டிவிட்டது. "கீரியும் பாம்பும் சண்டை போடணும். ரத்தம் வரணும்" என்று ஒரு பாம்பாட்டியை ஏற்பாடு செய்துவிட்டார். மத்தியான வெயில். கொட்டகைக்குப் பின்னாலிருந்த மைதானம். ஒரு பக்கம் முளையில் கட்டிய கீரி, மறுபக்கம் கூடையில் நல்ல பாம்பு. பாம்பாட்டி கூடையைத் திறந்தான். பாம்பு எழுந்து படம் எடுத்தது. நாங்கள் தள்ளி நின்றோம். ராவுத்தர் மட்டும் குந்தி உட்கார்ந்து சலாம் வைத்தார். பிறகு கிட்டே குனிந்து பார்த்தார்.

"இது வாயில என்ன?"

"நூலுங்க. தச்சு வச்சிருக்குங்க" என்றான் பாம்பாட்டி, சட்டைக்குப் பித்தான் வைத்ததைச் சொல்வதுபோல்.

ராவுத்தர் எழுந்து முதலாளியைப் பார்த்தார். "வாயைத் தச்சுட்டு, எதிர்க்கக் கீரியை அவுத்து விட்டு, இதுக்குப் பேரு சண்டையாங்க? இதுக்கிட்ட நான் சம்மதம் கேட்டா அது எதால பதில் சொல்லும்?"

"உன்னை எவன்யா கேக்கச் சொன்னான்? சுத்துய்யா காமிராவை!" என்றார் முதலாளி.

ராவுத்தர் கோட்டுப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பாம்பாட்டியின் கையில் கொடுத்தார். "நீ தச்சது. நீயே வெட்டிவிடு" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பாம்பாட்டி மறுபேச்சுப் பேசாமல் பாம்பின் கழுத்தைப் பிடித்து, நூலை வெட்டினான். வெட்டி முடித்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"ஐயையோ, இதுக்குப் பல்லு புடுங்கலைங்களே! அதுக்காகத்தானே தச்சேன்!" என்று அலறிக்கொண்டே கையை உதறினான்.

அடுத்த நிமிஷம் மைதானத்தில் ராவுத்தரும் கீரியும் பாம்பும்தான் இருந்தார்கள். முதலாளி டிக்கெட் கொடுக்கிற அறையின் ஓலைக்கூரை மேல் இருந்தார். அந்த உடம்பு எப்படி அங்கே ஏறியது என்பதை இன்று வரை யாராலும் விளக்க முடியவில்லை. சுருட்டு மட்டும் வாயிலேயே இருந்தது. பாம்பு யாரையும் லட்சியம் பண்ணாமல், நிதானமாகக் கொட்டகைக் கித்தானுக்கு அடியில் நுழைந்து உள்ளே போயிற்று.

அன்றைய காட்சி ரத்து. ராவுத்தரைத் தொலைத்துவிடுவது என்று முதலாளி கூரைமேல் இருந்தபடியே தீர்மானம் செய்துவிட்டார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, கொட்டகையின் நடுக்கம்பத்தடியில் யாரோ பாலும் மஞ்சளும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கொட்டகையில் நாகம் குடியிருக்கிறது என்று ஊர் முழுக்கப் பேச்சு. பெண்கள் பகுதியில் இடம் போதவில்லை. படம் ஆரம்பிக்கும் முன்பே வந்து கம்பத்துக்குக் குங்குமம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். முதலாளி ராவுத்தரைப் பார்த்து, "ஏதோ, நடந்தது நடந்துபோச்சு" என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்.

பிழைப்பை இழந்த பாம்பாட்டிக்கு ராவுத்தர் தன் ஸ்டூடியோவிலேயே கண்ணாடிக் கூரை துடைக்கிற வேலை கொடுத்தார். கீரியை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து என்னிடம் முறையிட்டார்: "கீரிக்குச் சலாம் போட்டுக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. வீட்டுப் பல்லிக்குச் சலாம் போடுறாங்க. நிக்காஹ் ஆன நாள்லேருந்து எனக்கு ஒரு சலாம் உண்டான்னு கேளுங்க!" ராவுத்தர் உடனே எழுந்து கதவைப் பார்த்துச் சலாம் வைத்தார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

இப்படி இருக்கையில்தான் பம்பாயிலிருந்து ஒரு டைரக்டர் வந்து சேர்ந்தார். தென்னாட்டு மிருகங்களை வைத்துப் பெரிய படம் எடுக்கப் போகிறாராம். ராவுத்தருடைய யானையையும் நீர்நாயையும் போட்டுப் பார்த்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இந்தக் கை எனக்கு வேண்டும்" என்றார் இங்கிலீஷில். மருங்காபுரிப் பக்கம் தேவாங்கு இருக்கிறது. அதைப் படம் பிடித்துக் கொடுத்தால் ராவுத்தரைப் பம்பாய்க்கே அழைத்துப் போய்ப் புதுக் காமிராவும் உத்தியோகமும் கொடுப்பதாகச் சொன்னார்.

ராவுத்தரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. புதுக் கோட்டுத் தைத்துக்கொண்டார். ஊரிலிருந்த கழுதை, குதிரை, கோயில் யானை எல்லாவற்றிடமும் போய், "பம்பாய்க்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. டைரக்டருக்குத் தமிழ் வராது. ஆகவே முதலாளி என்னையும் கூட அனுப்பினார்.

மருங்காபுரியைத் தாண்டி ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரம். முள்ளும் பாறையும். தேவாங்கு பகலெல்லாம் புதரில் சுருண்டு தூங்கி, பொழுது சாய்ந்த பிறகு வெளியே வருகிற பிராணி. அந்தக் கால பிலிமுக்கோ வெயில் கொளுத்தினால்தான் படம் விழும். ஆகவே உள்ளூர் ஆட்கள் ஒன்றைப் பிடித்து, இடுப்பில் கயிறு கட்டி, வேப்பங்கிளையில் உட்கார வைத்திருந்தார்கள். உச்சி வெயில். நாலு பக்கமும் ஆட்கள் பெரிய பெரிய கண்ணாடிகளைத் தூக்கிப் பிடித்து, சூரியனை அதன் முகத்துக்கு நேரே திருப்பினார்கள்.

'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று நாமெல்லாம் சொல்கிறோம். நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாகத் தேவாங்கைப் பார்த்தேன். அது முழிக்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. குச்சி மாதிரிக் கையும் காலும். வயிற்றோடு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தேன். குட்டி.

"கண்ணைத் திறக்கச் செய்யுங்கள். கண்தான் படமே" என்றார் டைரக்டர். ஒருவன் கிளையைத் தட்டினான். தேவாங்கு கண்ணைத் திறந்தது. கண்ணாடி வெளிச்சம் பட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டது. குழந்தை பொத்திக்கொள்ளுமே, அதே மாதிரி.

ராவுத்தர் வழக்கம்போல் முன்னால் போய்ச் சலாம் வைத்தார். நின்றார். அங்கேயே நின்றார்.

"என்ன தாமதம்? கேளுங்கள்" என்றார் டைரக்டர் என்னிடம்.

"இது பாக்கவும் இல்லை, பாக்காம இருக்கவும் இல்லை சாமி. மூஞ்சியை மூடிக்கிட்டிருக்கு. இதுக்கு மேல ஒரு பிராணி எப்படிச் சொல்லும்?" என்றார் ராவுத்தர்.

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். டைரக்டர் கோபக்காரர் அல்ல, கெட்டவரும் அல்ல. பொறுமையாகவே பேசினார். "இதைக் கண்ணுக்கு மருந்து என்று சொல்லிப் பிடித்துக் கொல்கிறார்கள். இப்படி ஒரு அழகான பிராணி இருப்பதே பட்டணத்து ஜனங்களுக்குத் தெரியாது. படத்தில் பார்த்தால் பரிதாபப்படுவார்கள். நூறு தேவாங்கு பிழைக்கும். இதற்கோ ஐந்து நிமிஷக் கஷ்டம். அப்புறம் அவிழ்த்துவிடப் போகிறோம். இதில் என்ன பாவம் என்று கேளுங்கள்."

கேட்டேன். ராவுத்தர் தாடியைத் தடவினார்.

"அவர் சொல்றது நியாயந்தான் சாமி. எனக்குப் பதில் தெரியலை. அந்த நூறையும் நான் பாத்ததில்லை. இது எதிர்க்க உக்காந்திருக்கு. கை சுத்த மாட்டேங்குது."

"பம்பாய் உத்தியோகம் என்னாகும் என்று கேளுங்கள்" என்றார் டைரக்டர்.

இதை நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. 'பம்பாய்' என்ற வார்த்தை ராவுத்தருக்குப் புரிந்துவிட்டது. புதுக் கோட்டை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு தோளிலிருந்த கறுப்புத் துணியை எடுத்து, உதறி, தேவாங்கின் மேல் கூடாரம் மாதிரிப் போட்டார்.

டைரக்டருக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. துணியை எடுக்கச் சொல்லிவிட்டுத் தானே காமிராவைச் சுழற்றப் போனார். ராவுத்தர் குறுக்கே போய்க் கிளையடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாலு கண்ணாடிகளின் வெளிச்சமும் அவர் முகத்தில் விழுந்தது.

"என்னை எடுத்துக்கச் சொல்லுங்க. எனக்குச் சம்மதம்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். ராவுத்தர் சிரிக்கவில்லை. கண்ணை அகலத் திறந்து கண்ணாடிகளையே பார்த்தார். கண் சிவந்தது. நீர் தாரை தாரையாக வழிந்து தாடியில் இறங்கியது. இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரித்தவன் நிறுத்திவிட்டான். கண்ணாடி பிடித்தவர்களில் ஒரு கிழவர் தானாகவே தன் கண்ணாடியைத் தரைப்பக்கம் திருப்பிவிட்டார். டைரக்டர் கிழவரையும் ராவுத்தரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மற்றவர்களிடமும் கையைக் காட்டினார். ஒவ்வொன்றாக எல்லாக் கண்ணாடிகளும் இறங்கின.

காரில் ஏறும்போது டைரக்டர் என்னிடம், "சம்மதம் கேட்கிற காமிராக்காரரை வைத்துக்கொண்டு நான் ஒரு படமும் முடிக்க முடியாது. ஆனால் அவரை நான் மறக்கவும் மாட்டேன். சொல்லிவிடுங்கள்" என்றார். சொன்னேன். ராவுத்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நல்ல மனுஷன்தான்" என்றார்.

தேவாங்கை உடனே அவிழ்த்துவிட ராவுத்தர் சம்மதிக்கவில்லை. வெயிலில் விட்டால் காக்கை கொத்திவிடும் என்று பொழுது இறங்குகிற வரைக்கும் துணிக்குள்ளேயே வைத்திருந்தார். பிறகு கயிற்றைக் கத்தரித்துப் புதரோரம் துணியை விலக்கினார். இருட்டத் தொடங்கிய நேரம். அது அவசரப்படவே இல்லை. ஒரு கை, ஒரு கால், ஒரு கை என்று நகர்ந்து உள்ளே போயிற்று.

"இப்பவாவது படம் எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"ஜெயில்லேருந்து வெளியே வர்றவனை வாசல்லயே நிறுத்திப் படம் எடுக்கலாமா? போகட்டும் சாமி. மாப்புக் கேட்டேன், போயிருச்சு."

நான் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன். ராவுத்தர் வரவில்லை. தன்னுடைய பழைய காமிராவோடு அந்தக் கரட்டடியிலேயே தங்கிவிட்டார். வெகு நாட்கள் கழித்து முள் கிழித்த கோட்டும் காடாக வளர்ந்த தாடியுமாக வந்து, ஒரு சின்ன பிலிம் சுருளை முதலாளியின் மேஜையில் வைத்தார்.

முதலாளி மாட்டு வண்டியில் மேளம் கொட்டி விளம்பரம் செய்தார்: "கண்டறியாத அதிசயக் கானக மிருகம்!" கொட்டகை நிரம்பி வழிந்தது. விளக்கு அணைந்தது. திரையில், சூரியன் இறங்கிய பிறகு மிச்சமிருக்கிற வெளுத்த வானம். அதில் கரிக்கோடு போட்டதுபோல் ஒரு கிளை. கிளையில் ஒரு கறுப்புக் கட்டி. அவ்வளவுதான். ஒன்றும் அசையவில்லை.

"பிலிம் அறுந்துபோச்சு!" என்று ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. நான் தகரக் குழாயைத் தூக்கினேன். தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "ராவுத்தரே, என்ன சொல்லட்டும்?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் சாமி. அது வருது. அவ்வளவுதான்."

குழாயைக் கீழே வைத்தேன். அந்தக் கறுப்புக் கட்டியிலிருந்து மெல்ல ஒரு கை நீண்டது. கிளையைப் பிடித்தது. வெகு நிதானமாக இன்னொரு கை. விசில் குறைந்தது. நிழல் முழுசாக வானத்துக்கு எதிரே வந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது:

"அடியே, வயித்துல பாரு! குட்டிடீ!"

அதன் பிறகு கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அந்தச் சின்ன நிழல் தன் பாரத்தையும் சுமந்துகொண்டு கிளை முழுவதையும் கடந்து, இலைகளுக்குள் போகிற வரைக்கும் அத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருந்தது. திரை வெறுமையானதும் ஒருவர், "இவ்வளவுதானா?" என்றார். பக்கத்திலிருந்தவர், "இன்னொரு தடவை போடச் சொல்லுங்க" என்றார். போட்டார்கள்.

அது அன்றைக்கு விட்ட அதே தேவாங்குதானா என்று ராவுத்தரிடம் கேட்டேன்.

"யாரு கண்டா? நான் கேட்டுக்கலை" என்றார்.

அந்தப் படம் ஒன்றும் பிரமாதமாக ஓடிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரமே ஜனங்கள் கத்திச் சண்டை கேட்டார்கள். முதலாளி கத்திச் சண்டை போட்டார். பிறகு பேசும் படம் வந்தது. கதாநாயகனுக்குச் சொந்தக் குரல் வந்ததும் என் தொண்டைக்கு வேலை போயிற்று. நான் பட்டணம் வந்து பத்திரிகையில் சேர்ந்தேன். உலக யுத்தக் காலத்தில் பிலிம் கிடைப்பது நின்றுபோய், ராவுத்தர் ஸ்டூடியோவில் மாப்பிள்ளைகளின் காதை மட்டும் திருகிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் காலை தொழுகை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டாராம். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வெகு நாளாகியிருந்தது. அவர் எடுத்த படங்கள் என்னவாயின என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வாரம் இங்கே ஒரு சீமைப் படம் பார்த்தேன். புலி ஒன்று. திரை முழுவதும் அதன் முகம். மீசை மயிரை எண்ணிவிடலாம். பக்கத்து நாற்காலிக்காரர், "என்ன கிட்டத்தில் எடுத்திருக்கிறான் பார்த்தீர்களா!" என்று பூரித்துப்போனார். நான் தலையாட்டினேன். எங்கள் ராவுத்தர் எடுத்திருந்தால் அந்தப் புலி எங்கோ அடிவானத்தில், ஒரு கடுகளவுதான் தெரிந்திருக்கும். அந்தக் கடுகைப் பார்ப்பதற்காக இன்றைக்கும் நான் திருச்சிக்கு ரயில் ஏறத் தயார்.